முளைகட்டவும் மைக்ரோகிரீன்ஸுக்கும் எந்தப் பாத்திரம்? அடுக்கு டப்பா நாற ஆரம்பிச்சிடுச்சு

ஜன்னலோரக்கீரை (வேளச்சேரி, சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டாவது மாடியில் வாடகை வீடு. மொட்டை மாடியில் தொட்டி வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. எனக்கு இருக்கும் இடம், கிழக்குப் பார்த்த சமையலறை ஜன்னலின் கிரில் மேடை மட்டும். நீளம் இரண்டரை அடி, அகலம் ஒரு சாண். காலை 7 முதல் 10 வரை நல்ல வெயில் விழும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. காலையில் இட்லியைக் குறைத்துக்கொண்டு பயறு சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மூன்று அடுக்கு பிளாஸ்டிக் முளைகட்டும் டப்பா ஒன்று வாங்கினேன். இரண்டு வாரம் அருமையாக வந்தது. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் திறந்தால் புளித்த கஞ்சி வாடை. பயறைக் கொட்டிவிட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடித்தட்டின் கீழே ஓடும் வரிகளுக்கு நடுவே வழுவழுவென்று ஒரு படலம், விரலில் ஒட்டியது. வடிகிற ஓட்டைகளில் பாதியில் உடைந்த பயறு மாட்டிக்கொண்டிருந்தது. ஊக்கு வைத்துக் குத்திக் குத்தி எடுத்தேன். மூன்றே நாளில் மறுபடியும் அதே வாடை.

இப்போது அதைத் தூக்கிப்போட்டாயிற்று. கண்ணாடி பாட்டிலா, எவர்சில்வரா, மண் சட்டியா என்று குழப்பம். கூடவே வெந்தயக்கீரை, கடுகுக்கீரையை மைக்ரோகிரீன்ஸாக, அதாவது ஒரு வாரம் பத்து நாளிலேயே கத்தரிக்கும் இளங்கீரையாகப் போடவும் ஆசை. ஒரே பாத்திரம் இரண்டுக்கும் ஆகுமா? வாங்கிவிட்டுத் தூக்கிப்போடுவது இன்னொரு முறை வேண்டாம், அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

நாற்றுக்காரர் (சரவணம்பட்டி, கோவை)

நல்ல கேள்விங்க. ஆறு வருஷமா வீட்டிலேயே வளர்த்து, அக்கம்பக்கத்துல ஒரு இருபது வீட்டுக்குக் கொடுத்துட்டு இருக்கேன். முதல்லயே சொல்லிடறேன், ஒரே பாத்திரம் ரெண்டுக்கும் ஆகாதுங்க.

முளைப்பயறுக்கு மண்ணே கிடையாது. வேரும் விதையும் சேர்த்து முழுசா வாயில போடறோம். அதுக்கு வேண்டியது ஈரமும் காத்தும். தண்ணி தேங்கவே கூடாது. மைக்ரோகிரீன்ஸ் அப்படி இல்லீங்க. வேர் பிடிச்சு நிக்க ஒரு படுக்கை வேணும், தண்டை மேலே கத்தரிச்சுச் சாப்பிடறோம், வேரும் படுக்கையும் குப்பைக்குப் போயிடும். ஒண்ணுக்கு வேண்டியது ஓடற தண்ணி, இன்னொண்ணுக்கு உள்ளேயே தங்கற ஈரம். ரெண்டையும் ஒரே டப்பாவுல செய்யப் பார்த்தா ரெண்டுமே கெட்டுப்போகும்.

உங்க அடுக்கு டப்பா நாறினதுக்குக் காரணம் அது பிளாஸ்டிக்ங்கறது இல்லீங்க. நீங்களே எழுதிட்டீங்க: வரிகளுக்கு நடுவே. எந்தப் பாத்திரம் வாங்கினாலும் நான் ரெண்டே கேள்வி கேட்பேன். தண்ணி எங்கே நிக்குது? என் விரல் எங்கே போகலை? இந்த ரெண்டுக்கும் பதில் ஒரே இடமா இருந்தா, வாடை அங்கிருந்துதான் கிளம்பும். கடையில பாத்திரத்தை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி ஊத்திக் கவுத்துப் பாருங்க. வரி, மடிப்பு, ஸ்க்ரூ மூடி, உள்பக்கம் வளைஞ்ச விளிம்பு, இதுல எங்கே சொட்டுத் தண்ணி தங்குதுன்னு கண்ணுக்கே தெரியும்.

கொதிதண்ணி தாங்குமான்னும் பாருங்க. டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும். 5 போட்டிருந்தா அது பாலிப்ரொப்பிலீன், கொதிதண்ணி ஊத்தலாம். 1 போட்ட பளபள டப்பா, அதாவது தண்ணி பாட்டில், ஸ்வீட் பாக்ஸ் ரகம், சுமார் 70 டிகிரியிலேயே நெளிஞ்சுடும். நெளியறதை விடுங்க, அதைக் கொதிதண்ணியில சுத்தமே பண்ண முடியாதுங்கறதுதான் பிரச்சனை.

என்னென்ன விதை போடப்போறீங்கன்னு சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் பாத்திரம்.

ஜன்னலோரக்கீரை

பச்சைப்பயறு தினமும். வாரம் ஒருமுறை கறுப்புக் கொண்டைக்கடலை. கீரைக்கு வெந்தயம், கடுகு. முடிந்தால் கொத்தமல்லியும்.

தாமிரபரணி (திருநெல்வேலி)

பயறுக்குப் புதுசா எதுவும் வாங்க வேண்டாம்மா. வீட்டுல காய் அலசற கண் வச்ச எவர்சில்வர் கூடை இருக்கும்லா, அது போதும்.

நான் செய்யுறது இது. ராத்திரி 9 மணிக்கு 100 கிராம் பயறை மூணு தடவை அலசி, மூணு பங்கு தண்ணியில ஊறப்போடுவேன். அலசும்போது மிதக்கற சொத்தையை அப்பமே எடுத்துடணும், அதுதான் முதல்ல அழுகும். காலையில 5 மணிக்கு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, தண்ணி கலங்காம வர்ற வரைக்கும் திரும்ப அலசுவேன். கூடையில மல் துணி விரிச்சு, பயறை ஒரு விரல் உயரத்துக்கு மேல போகாம பரப்பி, துணியோட நாலு முனையையும் மேலே மடிச்சுடுவேன். கூடைக்கு அடியில ஒரு பாத்திரம். மேலே தட்டு, ஆனா ஒரு ஓரம் திறந்திருக்கணும். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை குழாயில காட்டி நல்லா வடிய விடுவேன். மறுநாள் காலையில அரை நகம் நீளத்துக்கு முளை வந்திருக்கும். ஐப்பசி அடைமழையில மட்டும் இன்னும் ஆறேழு மணி நேரம் ஆகும்.

துணி விஷயத்துல கவனமா இரும்மா. கஞ்சி போட்ட வேட்டித்துணி ஆகாது, கஞ்சி ஊறிப் புளிச்சுடும். வாசனை லிக்விட்ல அலசின துணியும் வேண்டாம். ரெண்டு துண்டு தனியா வச்சுக்கோ, ஒண்ணு பயறுல இருக்கும்போது இன்னொண்ணு கொதிதண்ணியில போட்டு வெயில்ல காயட்டும். முளை நீளமா வரட்டும்னு ரெண்டாம் நாள் துணியிலேயே விட்டுட்டா வேர் நூலுக்குள்ள நுழைஞ்சுடும். அப்புறம் பயறை உதறினா முளை ஒடிஞ்சு துணியிலேயே நிக்கும். அந்தத் துணியை எவ்வளவு கும்மினாலும் சுத்தமாகாது.

ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடறவங்க நிறைய பேர். மார்கழியில சரி. சித்திரை வெயில்ல அது புளிக்க வைக்கற பானைதான்.

வைகைக்கரை (மதுரை)

எவர்சில்வர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சென்னை வெயிலுக்கு மண் சட்டியை விட்டுவிடாதீர்கள். மண்ணின் நுண்துளைகளில் ஊறிய நீர் வெளிப்பக்கம் ஆவியாகும்போது சட்டிக்குள் குளிர்ச்சி தங்கும். குடிநீர்ப் பானை வேலை செய்வதும் அப்படித்தானே. எங்கள் வீட்டில் மே மாதத்தில் எவர்சில்வர் கூடையில் புளித்துப்போகும் பயறு, சட்டியில் புளிப்பதில்லை.

இது நமக்குப் புதிய வித்தையும் இல்லை. முளைப்பாரி வளர்க்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்பு, அடி உடைத்த மண்பானையிலோ ஓட்டிலோ கூடையிலோ வைக்கோல் பரப்பி, அதன் மேல் காய்ந்த எருப்பொடியும் மண்ணும் தூவி, ஊறவைத்த நவதானியத்தை நெருக்கமாக விதைப்பார்கள். வெளிச்சம் புகாத அறையில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் இளமஞ்சள் நிறத்தில் முழங்கை உயரத்துக்குத் தளதளவென்று எழுந்து நிற்கும். பானையின் அடியை ஏன் உடைத்தார்கள்? தண்ணீர் தேங்கக் கூடாது என்றுதான். வைக்கோல் எதற்கு? வடிகாலுக்கும் வேர் பின்னிப் பிடிக்கவும். இருட்டு எதற்கு? தண்டு வெளிச்சம் தேடி நீளட்டும் என்று. இன்று மைக்ரோகிரீன்ஸுக்கு முதல் மூன்று நாள் மூடி வைக்கச் சொல்கிறார்களே, அதே கணக்கு. கல்யாணத்தில் பாலிகைக் கிண்ணங்களில் தானியம் தெளிப்பதும் இந்த வகைதான்.

முளைப்பாரியை நாம் சாப்பிடுவதில்லை, எரு போட்டது. ஆற்றிலோ கண்மாயிலோ கரைத்துவிடுவோம். அதனால் சாப்பிடப்போகும் கீரைக்கு எருவை அப்படியே போட்டுவிடாதீர்கள். பாத்திரத்தின் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டி வாங்கும்போது சாலையோரம் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் தொட்டியை வாங்காதீர்கள். ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், சிவப்பு கையில் ஒட்டினால் வேண்டாம். உள்ளே பளபளவென்று மெருகேற்றியதும் வேண்டாம். மெருகில் ஈயம் இருக்கலாம், மெருகேறிய சட்டி ஈரத்தை இழுக்கவும் செய்யாது. மீன் குழம்புக்கு விற்கும் சாதாரணச் சட்டி, வாய் அகலமாக, ஆழம் நாலு விரல். அதுவே போதும்.

நுண்ணோக்கி (திருச்சி)

கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன். மண் சட்டியைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். வைகைக்கரை அம்மா மன்னிக்கவும்.

குளிர்ச்சி தரும் அதே நுண்துளைதான் அழுக்கையும் பிடித்துக்கொள்கிறது. பயறிலிருந்து கசியும் மாவும் சர்க்கரையும் துளைக்குள் இறங்கினால், தேய்க்கிற நார் அங்கே எட்டாது. சோப்புப் போட்டால் சோப்பும் உள்ளே இறங்கிவிடும், அடுத்த பயறில் அதன் வாடை வரும். ஆகவே மண் சட்டிக்கு சோப்பு கூடாது. ஒவ்வொரு முறையும் நார் போட்டுத் தேய்த்து, வாரம் ஒருமுறை அகலப் பாத்திரத்தில் முழுக்க மூழ்க வைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, எலும்பு போல் காயும் வரை வெயிலில் வைக்க வேண்டும். காய ஒரு முழு நாள் ஆகும் என்பதால் இரண்டு சட்டி வேண்டும். அதற்குப் பொறுமை இருந்தால் மண் சட்டி அருமை. இல்லாவிட்டால் எவர்சில்வர்தான் பாதுகாப்பு.

ஜன்னலோரக்கீரை விரலில் உணர்ந்த வழுவழுப்பைப் பற்றியும் சொல்கிறேன். அது பாக்டீரியாக்கள் தங்களுக்கே கட்டிக்கொள்ளும் படலம். அதற்குள் இருக்கும்போது வெறும் தண்ணீர் அலசல் அவற்றை அசைக்காது. கை வைத்துத் தேய்க்க வேண்டும், பிறகு சூடு காட்ட வேண்டும். நாற்றுக்காரர் சொன்ன "விரல் போகாத இடம்" என்பது சரியான அளவுகோல்.

ஆனால் எவ்வளவு நல்ல பாத்திரமானாலும் விதையில் இருக்கும் கிருமியை அது ஒன்றும் செய்யாது. 2011ல் ஜெர்மனியில் ஈ.கோலை ஓ104:ஹெச்4 என்ற கிருமி பரவிச் சுமார் 4000 பேர் நோயுற்றார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரணை போய் நின்ற இடம் முளைகட்டிய பயிர்கள். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை மீது சந்தேகம் விழுந்தது. நாம் தினமும் தாளிக்கிற அதே வெந்தயம்தான். முளைக்கத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் விருந்து. அதனால் வயதானவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு இட்லிப் பானையில் ஆறேழு நிமிடம் நன்றாக ஆவி காட்டிக் கொடுங்கள். கொஞ்சம் வைட்டமின் சி குறையும், அதற்கு ஓர் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

வைகைக்கரை

மன்னிப்பெல்லாம் எதற்கு சார், நீங்கள் சொன்ன கொதிக்க வைப்பதை நான் எழுத மறந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் இரண்டு சட்டிதான், மாற்றி மாற்றி. ஒன்று சேர்க்கிறேன்: போர்வெல் தண்ணீர் புழங்கினால் சட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். அது பூஞ்சை இல்லை, உப்பு. அந்தப் பூப்பு சேரச் சேரத் துளை அடைபட்டுக் குளிர்ச்சி குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டியை மாற்றிவிடுவேன், பழையது செடித் தொட்டியாகிவிடும்.

பனிக்கூதல் (டொரன்டோ)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. உங்கட பிரச்சனை வெக்கை, என்ர பிரச்சனை குளிர். தை மாசத்தில எங்கட குசினிக்குள்ள ராத்திரி 18 டிகிரிதான். துணியில கட்டினா பயறு மூண்டு நாளா அப்பிடியே கிடக்கும். அதால நான் கண்ணாடிப் போத்தலுக்கு மாறினனான்.

அகல வாய் ஒரு லீற்றர் போத்தல், மூடிக்குப் பதிலா நைலோன் வலை, ஒரு ரப்பர் பாண்ட். இரும்பு வலை வேண்டாம், துருப் பிடிக்கும். ஊறவைச்ச தண்ணியை வலைக்குள்ளால ஊத்திப்போட்டு, கோப்பை காயவைக்கிற தட்டில வாய் கீழ பாக்கச் சரிச்சு வைப்பன். முழுக்கக் குத்தெனக் கவிழ்க்கக் கூடாது, பயறெல்லாம் வாயை அடைச்சா காத்துப் போகாது. பாதிச் சரிவு, 45 டிகிரி அளவு. காலமையும் பின்னேரமும் வடிவா அலசினாச் சரி.

நான் முதல் விட்ட பிழை, போத்தலைப் பாதிக்குப் பயறு போட்டது. ரெண்டாம் நாள் அது வீங்கி முளைச்சு, கையை விட்டு எடுக்கேலாமல் இறுகிப் போச்சு, நடுவில கிடந்தது சூடேறி அழுகிட்டுது. ஒரு லீற்றர் போத்தலுக்கு 50, 60 கிராமுக்கு மேல போடாதேங்கோ.

கடுகு, ஆளிவிதை, சப்ஜா இதுகளைப் போத்தலில போடவே வேண்டாம். நனைஞ்ச உடன வழுக்கலா ஒரு பசை வரும், எல்லாம் ஒட்டிக் கட்டியாகும், அலசேலாது. அதுகளுக்குத் தட்டையான இடம்தான் சரி.

நாற்றுக்காரர்

கடைசி வரி ரொம்ப முக்கியங்க. கடுகையும் வெந்தயத்தையும் கீரையா வளர்க்கறதுதான் நல்லது.

புதுநாற்று (தாம்பரம்)

நானும் இப்பதான் ஆரம்பிக்கிறேன். பார்சல் சாப்பாடு வாங்கின டப்பா வீட்டில் குவிஞ்சு கிடக்கு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து எங்க பக்கம் விசேஷத்துக்கெல்லாம் பாக்கு மட்டைத் தட்டுதான், அதுவும் மிச்சம் இருக்கு. இதிலெல்லாம் மைக்ரோகிரீன்ஸ் போடலாமா? இல்ல, ட்ரே வாங்கியே ஆகணுமா?

நாற்றுக்காரர்

ட்ரே வாங்க வேண்டாங்க. நானே முதல் ஒரு வருஷம் பார்சல் டப்பாவுலதான் வளர்த்தேன்.

5ஆம் நம்பர் போட்ட, சாதம் வந்த செவ்வக டப்பாவா எடுங்க. ஆழம் ரெண்டு அங்குலம் இருந்தாப் போதும். குழம்பு வந்த டப்பா வேண்டாம். எண்ணெய் பிளாஸ்டிக்ல ஊறிடும், எவ்வளவு கழுவினாலும் மசாலா வாடை போகாது. அடியில நம்பரே இல்லாத கறுப்பு டப்பாவையும் நான் தொடறதில்லை.

ஒரே அளவுல ரெண்டு டப்பா. ஒண்ணுக்கு மட்டும் அடியில ஓட்டை போடணும். ஆணியை அடுப்புல காய்ச்சிக் குத்தலாம். ஜன்னலைத் திறந்து வச்சுட்டுச் செய்யுங்க, புகை கெட்டது. ரெண்டு செ.மீ.க்கு ஒண்ணா, தீக்குச்சி கனத்துக்கு. பெரிசாப் போட்டா படுக்கை ஒழுகிடும். ஓட்டை போட்டதை ஓட்டை போடாததுக்குள்ள இறக்கி வைங்க. தண்ணியை எப்பவும் கீழ் டப்பாவுல ஊத்தணும். மேலே தெளிச்சுட்டே இருந்தா தண்டு சாஞ்சு, அடி நனைஞ்சே கிடந்து நாற்றழுகல் வந்துடும். ஒரு ஓரத்துல தண்டு கழுத்துகிட்ட நூல் மாதிரி இளைச்சு மடங்குச்சுன்னா அதுதாங்க. அந்த டப்பாவை அப்படியே கொட்டிடணும், பாதியைக் காப்பாத்தப் பார்க்காதீங்க.

கீழ ஊத்தின தண்ணியை அரை மணி நேரத்துல திருப்பிக் கொட்டிடுங்க. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் ரெண்டு தடவை சொல்வேன். டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிஞ்ச தண்ணியிலதான் முட்டை வைக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள், நம்ம கீரைக்கும் அதே நாள் கணக்குதான். ஜன்னலோரம் தண்ணி நிக்கற தட்டு வச்சா வீட்டுக்குள்ள நாமே கொசு வளர்க்கற மாதிரி.

படுக்கைக்குத் தென்னை நார்க்கழிவு போதும். பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து வர்ற 650 கிராம் கட்டி ஒண்ணு ஊறினா ஒரு பக்கெட் நிறைய வரும். கழுவினதான்னு கேட்டு வாங்குங்க. கழுவாததுல உப்பு நிக்கும், முளை நுனி கருகும். சந்தேகமா இருந்தா ரெண்டு தடவை நல்ல தண்ணியில ஊறவச்சுப் பிழிஞ்சுடுங்க. கையில இறுக்கிப் பிடிச்சா ரெண்டு சொட்டு விழணும், ஒழுகக் கூடாது. அந்தப் பதத்துல ஒண்ணேகால் அங்குலம் நிரப்பித் தட்டையா அமுக்கணும்.

சாதாரண பார்சல் டப்பா ஒண்ணுக்குக் கடுகு அரை டீஸ்பூன், வெந்தயம் ஒண்ணரை டீஸ்பூன். கடுகை ஊறவைக்காம அப்படியே தூவணும், வெந்தயத்தை ஆறேழு மணி நேரம் ஊறவைக்கணும். விதை மேல விதை ஏறக் கூடாது. இன்னொரு டப்பாவைக் கவுத்து மூடி இருட்டுல ரெண்டு மூணு நாள். முளை அந்த மூடியை முட்டித் தூக்கற மாதிரி வந்ததும் ஜன்னலுக்கு மாத்துங்க. மஞ்சளா இருந்தது அரை நாள்லயே பச்சை பிடிச்சுடும், பார்க்க அவ்வளவு சந்தோஷமா இருக்கும். ஏழாம் நாள்ல இருந்து பத்தாம் நாளுக்குள்ள கத்தரிச்சுடலாம்.

பாக்கு மட்டையில கடுகு மட்டும் போடுங்க, அதுவும் ஒரே தடவை. ஈரம் பட்டு நாலஞ்சு நாள்ல ஓரத்துல சாம்பல் பூக்கும். கடுகு அதுக்குள்ள வந்துடும், வெந்தயம் வராது. அறுத்ததும் மட்டையோட சேர்த்து உரக்குழிக்குப் போடலாம்ங்கறது மட்டும் அதுல பெரிய வசதி.

நுண்ணோக்கி

விதையைப் பற்றிச் சுருக்கமாக. விதைக் கடையில் இளஞ்சிவப்போ நீலமோ பூசி வருவது பூஞ்சைக்கொல்லி கலந்தது, விதைக்க மட்டும். சாப்பிட மளிகைக் கடைத் தானியமோ மருந்து கலக்காதது என்று எழுதிய விதையோ வாங்குங்கள். சோளத்தை முளைகட்டவோ கீரையாக வளர்க்கவோ வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சாவதை ஊர்ப்பக்கத்தில் பார்த்திருப்பீர்கள், அதே சயனைடு நஞ்சு முளையிலும் உண்டு. ராஜ்மாவை முளைகட்டினாலும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, நன்றாக வேகவைத்தே ஆக வேண்டும். தக்காளி, கத்தரி நாற்றுகளைக் கீரையாக நினைக்கவே கூடாது.

ஜன்னலோரக்கீரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்துபார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஒரே நாள், ஒரே பாக்கெட் பயறு, ஐம்பது ஐம்பது கிராமாக மூன்று பங்கு. எவர்சில்வர் கூடை, மண் சட்டி, கண்ணாடி பாட்டில். வெளியே 38 டிகிரி. காலை 5 மணிக்கு ஆரம்பித்தேன். முதலில் வால் விட்டது கூடையில் இருந்த பயறு, இரவு 8 மணிக்கே தெரிந்தது. சட்டியில் மறுநாள் காலைதான். ஆனால் நான் அலுவலகம் போய், மதியம் அலச முடியாமல் மாலை 6 மணிக்கு வந்து பார்த்தபோது, கூடையில் லேசாகப் புளிப்பு வாடை. சட்டியில் பச்சை வாசனை அப்படியே இருந்தது, தொட்டால் குளுகுளுவென்று இருந்தது. பாட்டிலில் பயறு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கழுத்துக்குக் கீழே உள்ள வளைவில் என் விரல் சரியாகப் போகவில்லை. அகல வாய் பாட்டில் தேடவேண்டும்.

கடைசியில் நான் எடுத்த முடிவு: வேலை நாளில் சட்டி, வீட்டில் இருக்கும் நாளில் கூடை. இரண்டு சட்டி வாங்கியிருக்கிறேன், இரண்டும் சேர்த்து நான் தூக்கிப்போட்ட டப்பாவின் விலையில் பாதிகூட ஆகவில்லை. ஞாயிறு காலையில் கொதிக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. அப்பாவுக்கு ஆவி காட்டி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்துக் கொடுக்கிறேன். முன்பு பச்சையாகக் கொடுத்தபோது வயிறு உப்புகிறது என்பார், இப்போது அதைச் சொல்வதில்லை.

வெந்தயம் போட்ட டப்பாவில் மூன்றாம் நாள் மூடியைத் திறந்ததும் பயந்துவிட்டேன். ஒவ்வொரு முளையின் அடியிலும் வெள்ளையாகப் பஞ்சு போலச் சுற்றியிருந்தது. பூஞ்சை என்று கொட்டப்போனேன். கொட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன். டப்பா இன்னும் மேடையில்தான் இருக்கிறது.

நாற்றுக்காரர்

கொட்டாதீங்க! ஸ்ப்ரேயர்ல ரெண்டு தடவை தண்ணி தெளிச்சுப் பாருங்க. அந்தப் பஞ்சு படிஞ்சு காணாமப் போச்சுன்னா அது வேர்த்தூவி, பயிர் ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம். பூஞ்சைன்னா தெளிச்சாலும் போகாது. ஒட்டடை மாதிரி ஒரு முளையில இருந்து பக்கத்து முளைக்குத் தாவியிருக்கும், மூக்கை வச்சா பழைய கோணிச் சாக்கு வாடை அடிக்கும்.

ஜன்னலோரக்கீரை

தெளித்தேன். போய்விட்டது! கண்ணெதிரே கரைந்த மாதிரி. ஒவ்வொரு வேரைச் சுற்றியும் நேராக, மெல்லிய மயிர் மாதிரி இருந்திருக்கிறது, இப்போது வேரோடு ஒட்டிக்கொண்டது. வாடையும் இல்லை. இன்றே ஜன்னலுக்கு மாற்றுகிறேன்.

கொத்தமல்லிக்கும் இதே டப்பா போதுமா?

தாமிரபரணி

போதாதும்மா. மல்லி மெதுவா வர்ற சாமி. முழு விதையைச் செருப்பால லேசா அமுக்கி ரெண்டாப் பிளக்கணும், இல்ல சப்பாத்திக் கட்டையால உருட்டணும். பொடியாகிடக் கூடாது. ஒரு ராத்திரி ஊறணும். முளைக்கவே ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அறுக்க மூணு வாரம். அவ்வளவு நாள் நிக்கறதுக்கு மூணு அங்குலமாவது ஆழம் வேணும், ஈரமும் தாங்கணும்.

வைகைக்கரை

அதற்குத்தான் உங்கள் பழைய சட்டி, ஆறு மாதம் கழித்து. அதுவரை காத்திருக்க முடியாது என்றால், குயவரிடம் கேட்டு அடியில் ஓட்டை போட்ட ஒன்று இப்போதே வாங்கிவிடுங்கள். வீட்டில் ஆணி அடித்து ஓட்டை போடப்போனால் சட்டி விரிசல் விடும்.